நீங்கள் கேட்ட பேட்டரி

அக்கா,

ரோச் லைற் வந்த பெட்டி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை. மூடியைத் திறந்தால் புதுப் பிளாஸ்ரிக் மணம் குப்பென்று அடிக்கிறது. ரோச் உங்கள் மகளிடம் போய்விட்டது. பெட்டியும் குழப்பமும் என்னிடம் மிஞ்சி நிற்கின்றன. உங்களிடம் கேட்டிருந்தால் சிரித்தே சமாளித்திருப்பீர்கள், ஒழுங்கான பதில் வந்திராது. இருந்தாலும் இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நடந்ததை முதலில் சொல்கிறேன். நீங்கள் போன பிறகும் பிள்ளை ஆடைத் தொழிற்சாலை வேலையை விடவில்லை. விடியுமுன் எழும்பி, வாய்க்கால் மண்கட்டு வழியால் நடந்து, பெரிய ரோட்டில் வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்பாள். கையில் ஃபோன் வெளிச்சம் மட்டும். போன மாதம் ஒரு நாள், கட்டின்மேல் சுருண்டு கிடந்த புடையன் பாம்பை மிதிக்கிற அளவுக்குக் கிட்டப் போன பிறகுதான் கண்டிருக்கிறாள். திரும்பி ஓடிவந்து என் படலையைத் தட்டினாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்தாள்.

"அன்ரி, நான் வேலையை விடப்போறன். மாமா எந்த நாளும் வரச்சொல்லித்தானே கேக்கிறார். மலைநாட்டுக்கே போயிடுறன்" என்றாள்.

அவள் உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. "அவசரப்படாதை பிள்ளை, நான் உனக்கு ஒரு நல்ல ரோச் வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் கூடுதலாகப் பயந்தது அவளா நானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரோச் வாங்குவது என்ன பெரிய வேலை என்றுதான் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். கடைப் பெடியன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வரிசையாக அடுக்கத் தொடங்கினான், எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. ஒன்றில் ஒரே ஒரு பல்ப், கழுத்தை இழுத்தால் வெளிச்சம் கூர்ந்து எதிர்க்கடைச் சுவரில் போய் விழுந்தது. ஒன்றில் ஒன்பது சின்ன பல்ப், மாதுளை முத்துப் போல வட்டமாகப் பதித்திருந்தது. இன்னொன்றில் எண்ணிக் களைக்கிற அளவுக்கு.

"பல்ப் கூட எண்டா வெளிச்சமும் கூடத்தானே தம்பி?"

"அப்பிடிச் சொல்லேலாது அம்மா. கூட இருந்தா பற்றறியையும் கெதியாக் குடிச்சுப் போடும்."

"அப்ப குறைஞ்சதை எடுக்கவோ?"

"அப்பிடியும் சொல்லேலாது. என்னத்துக்குப் பாவிக்கப் போறியள்?"

"பிள்ளை ஒண்டு விடியக்காலமை நடந்து போறதுக்கு."

"உங்கட மகளோ?"

ஓம் என்றால் உங்களிடம் களவெடுத்த மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை. "நீர் முதல்ல பற்றறி போடுற இடத்தைக் காட்டும்" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்தான்.

பற்றறியில் இன்னொரு குழப்பம். ஒன்று சுவரில் செருகிச் சார்ஜ் பண்ணுவது. "பற்றறிச் செலவே இல்லை அம்மா" என்றான். நம் பக்கம் வானம் இருட்டினாலே கறன்ற் போய்விடும், அவள் மழைக்காலத்தில் எங்கே கொண்டுபோய்ச் செருகுவாள்? ஒன்று ரிமோட்டுக்குப் போடுகிற ஒல்லிப் பற்றறிகளை ஒரு கூட்டுக்குள் அடைத்துப் போடுவது. கூட்டை மாறிச் செருகினால் எரியாது, இருட்டில் நின்று எந்தப் பக்கம் என்று தடவ வேண்டும். பெரிய பற்றறி போடுவது உலக்கைக் கனம். கடைசியில் அந்த ஒன்பது முத்து ரோச்சைத் திறந்து காட்டினான். சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற அதே பற்றறி. நம் சந்திக் கடையில் சீனி, சவர்க்காரத்தோடு அதுவும் இருக்கும்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "தம்பி, ஒரு துண்டுக் கயிறு இருக்கோ?" என்று கேட்டேன். சாக்கு அடுக்கிய பின்னறைக்கு அவனைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். கயிற்றை நிலத்தில் எறிந்துவிட்டு ஒவ்வொரு ரோச்சாக அடித்துப் பார்த்தேன். ஒற்றைப் பல்ப் ஒரு வெள்ளை வட்டத்தைக் காட்டியது, கயிறு அதற்கு வெளியே இருட்டுக்குள் கிடந்தது. நிறையப் பல்ப் உள்ளது என் கண்ணைத்தான் கூச வைத்தது. ஒன்பது முத்தும் பால் சிந்தின மாதிரிப் பரவி, கயிற்றின் இரண்டு நுனியையும் காட்டியது. பெடியன் என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அடுத்த குழப்பம் பிடித்தது. நீங்கள் கேட்டது இதைத்தானா?

சண்டை முடிந்து நாங்கள் மீளக் குடியேறிய புதிதில், நான் கிளிநொச்சிக்குப் போகிறேன் என்றதும் வேலியால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, வரும்போது ஒரு பேட்டரி வாங்கிட்டு வாங்க" என்றீர்கள். நான் பெரிய பற்றறியாகப் பார்த்து, ஒன்று போதாது என்று இரண்டு வாங்கி வந்தேன். நீங்கள் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டினீர்கள். "இதை எதுல போடுறது? நான் கேட்டது பேட்டரியாச்சே!" மலைநாட்டிலிருந்து வந்த உங்கள் வீட்டில் ரோச்சுக்கே பேட்டரி என்றுதான் பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பொருள்களுக்குத் தடை இருந்த காலத்தில் பற்றறியை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ரேடியோவில் செய்தி கேட்ட ஆள் நான். அந்தச் சொல் காதில் விழுந்தால் வேறொன்றும் நினைவுக்கு வராது. நீங்கள் சிரித்த சிரிப்பில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பிள்ளை ஓடிவந்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கும்போது "ரோச்" என்பீர்கள், சிலவேளை மறந்து பேட்டரி என்பீர்கள், சிலவேளை என்னைச் சீண்டவே பேட்டரி என்பீர்கள். எது எந்த வேளை என்று நானும் கணக்கு வைக்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுபோன அன்று, வாடகை வான் வண்டிக்குள் ஏற்றிய பிறகு என் கையைப் பிடித்தீர்கள். "புள்ளைகிட்ட பேட்டரி இல்ல. பாத்துக்குங்க தங்கச்சி" என்றீர்கள். ஓம் என்று தலையாட்டினேன். வான் வெளிக்கிட்டுவிட்டது. நீங்கள் திரும்பி வரவில்லை.

ரோச் இல்லை என்றீர்களா, ரோச்சுக்குப் பற்றறி இல்லை என்றீர்களா? பாத்துக்குங்க என்றது அந்தச் சாமானையா, பிள்ளையையா? பஸ் யன்னலோரம் இருந்து எத்தனை தரம் புரட்டிப் பார்த்தும் தெளியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் கேட்டேன், "அம்மா பேட்டரி எண்டு சொன்னா அது என்ன பிள்ளை?" என்று. "எங்கட வீட்டில ரெண்டும் அதுதான் அன்ரி" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுததைத்தான் அவள் கண்டாள்.

ரோச்சை நீட்டினேன். எரித்துப் பார்த்தாள், அணைத்தாள், திரும்ப எரித்தாள். நிலமெல்லாம் வெளிச்சம் பரவியது.

"பற்றறி முடிஞ்சா?"

"ஓடி வா. எங்கட மணிக்கூட்டில கிடக்கிறதைக் கழட்டித் தாறன்."

"அப்ப உங்களுக்கு நேரம் தெரியாதே."

"எனக்கென்னத்துக்கு நேரம்? நீ வேலைக்குப் போறது தெரிஞ்சா எனக்கு விடிஞ்ச மாதிரி."

அவள் ரோச்சின் வாரைக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "மாமாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை. உனக்கு எது நல்லதோ…" என்று ஏதோ பெரிய மனுசி போல இழுத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது அக்கா. உங்கள் மூக்கு சிவக்கிற அதே மாதிரிச் சிவந்தது.

"போகாதை எண்டு சொல்லுங்கோவன் அன்ரி. அம்மா இருந்தா சொல்லியிருப்பா."

"போகாதை" என்றேன்.

சொல்லிவிட்டேன் அக்கா. உங்கள் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல நான் யார் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் ஏசுவீர்களா, என் கையைப் பிடிப்பீர்களா, அதுவும் தெரியவில்லை. அவள் விடியுமுன் கட்டால் போகும்போது நான் படலையில் வந்து நிற்கிறேன். அந்த வெளிச்சம் பெரிய ரோட்டில் ஏறிய பிறகுதான் உள்ளே வந்து தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டுகிறேன்.