மச்சினனின் சக்கரம்

மார்ச் 4
மாலை வகுப்பு டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. இருக்கட்டும். என் கோழி.

மார்ச் 6
பட்டறையில் பெயிண்ட் அடிக்க இனி ஒரே ஆள் போதுமாம். நானா, என் மனைவியின் தம்பியா? முதலாளி தன் காரின் அலுமினியச் சக்கரங்களைக் கழற்றி, ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். "நாலு மழையில நனைஞ்ச பிறகும் யாரோடது உரியாம இருக்கோ, அவர் இருக்கலாம்."

மச்சினன் எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறான். சாப்பிடும்போது, "மாமா, நீங்க வீட்ல உக்காந்து அ, ஆ எழுதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் அக்காவும் சிரித்தாள்.

மார்ச் 7
பிரேக் கரியைக் கழுவிவிட்டு நாள் முழுவதும் உப்புத்தாள் போட்டோம். பளபளப்பு மங்கும்வரை தேய்க்காவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. அவன் போல்ட் ஓட்டைக்குள்கூடக் குச்சி விட்டுத் தேய்க்கிறான். நன்றாகத்தான் செய்கிறான். பொறுக்கவில்லை.

மார்ச் 8
முதல் பூச்சுக்கான பிரைமர் டப்பாவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நானே படித்தேன். 'தின்னரால் துடைத்த பின் வெறும் கையால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு உரியும்.' படித்தால் எவ்வளவு தெரிகிறது.

மச்சினன் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் உள்ளங்கையிலும் விரல்களிலும் கொஞ்சம் கிரீஸ் தேய்த்து, துணியில் துடைத்து, அவன் சக்கரம் ஒன்றின் அகலமான முகப்பில் வைத்தேன். மெதுவாக. ஜில்லென்று இருந்தது. எடுத்தபின் ஒன்றுமே தெரியவில்லை.

வந்தான். பிரைமர் அடித்தான். மெல்லிசாக, காயவிட்டு, மறுபடி.

மார்ச் 10
சில்வர் பெயிண்ட், அதன்மேல் பளபளக்கும் கிளியர் பூச்சு. அவனுடையதில் முகம் பார்க்கலாம். என்னுடையதில் தூசி. முதலாளி நாலையும் தன் காரில் மாட்டிக்கொண்டார்.

ஜூன் 21
மழை. நல்ல மழை.

ஜூலை 15
முதலாளி தண்ணீர் பீய்ச்சியதும் அவன் சக்கரத்தில் கையகலத்துக்குப் பெயிண்ட் தோல் போலக் கிளம்பியது. என்னுடையது அசையவில்லை. "துடைக்கத் தெரியாதவன் கையில எதுக்கு ஸ்ப்ரே கன்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, சக்கரத்தையும் கழற்றி அவன் தலையிலேயே கட்டி அனுப்பினார். பஸ்ஸில், "துடைச்சேனே, துடைச்சேனே" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் படிக்க முடிகிறது.

ஜூலை 18
கூடத்தில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தளர்ந்ததையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டான், மீதி வரவில்லை. சாப்பிடவும் இல்லை. "தாலாட்டு பாடுடா, தூங்கிடும்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூலை 19
சாப்பிட உட்கார்ந்தேன். தட்டு வரவில்லை. மனைவி சக்கரத்தை உருட்டிவந்து என் முன்னால் சாய்த்தாள்.

"கையை இங்க வைங்க."

"என்ன விளையாட்டு இது?"

"வைங்க."

வைத்தேன். உரிந்த இடத்தில் விரல் விரலாகப் பொருந்தியது.

மாடிப்படியில் நின்ற மச்சினன், "விடுக்கா" என்றான். ஏன் விடச் சொல்கிறான்? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. திட்டவே இல்லையே அவன்.

ஜூலை 24
அவள் சக்கரத்தோடு போய் முதலாளியிடம் பேசியிருக்கிறாள். மச்சினன் காலையில் பட்டறைக்குப் போனான், என் இடத்துக்கு. கீழறையில் இனி அவன்தான்.

மாடியறையில் நல்ல வெளிச்சம், எழுத வசதி. என் படுக்கையையும் தட்டையும் அவளே கொண்டுவந்து வைத்தாள். கீழே அவர்கள் பேசிச் சிரிப்பது கேட்கிறது. நான் படி இறங்கினால் நின்றுவிடுகிறது.