படியில் விட்ட டீ கப்

பாவா,

மலைக்கோயில் படிகளில் யார் யாரோ குடித்துப் போட்ட டீ கப்புகளைப் பொறுக்கி, எச்சிலில் இருக்கும் மரபணுவை ஆய்வகத்தில் படித்து, அந்த முகங்களைச் சிலையாக வடிப்பதுதான் நம் மகளின் கலை. எல்லா முகத்துக்கும் கம்ப்யூட்டர் இருபத்தைந்து வயதுதான் தருமாம்.

நேற்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எடுத்த கப்புமா. யாருன்னே தெரியல. பாத்துகினே இருக்கலாம் போல இருக்குது."

அவளைத் தொட்டிலில் விட்டுவிட்டு நீங்கள் வாசலைத் தாண்டிய அன்றைய முகம். ஜன்னல் வெயில் நகர நகர, அது மெல்ல என் பக்கம் திரும்புவது போலிருந்தது.

"ஆங், நல்லாருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்கு இப்போது நரைத்திருக்கும்.

அடுத்த கிருத்திகைக்கு வந்தால் கப்பைப் படியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் உங்கள் டம்ளர் இருக்கிறது.

அதே தெருவில் இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி