டிசம்பரில் இல்லாதவள்

1947 ஜனவரி 7, செவ்வாய்

காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு அலுவலகம் போனேன். வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில் என் மேசையில் புது ஒப்பந்தம் கிடக்கும், பெயர் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு. இன்று அதற்குப் பதிலாக ஒரு கடிதம் கிடந்தது. மிஸ் மெற்றில்டாவின், அதாவது என், சேவை இனித் தேவையில்லையாம். இரண்டே வரி. அதை டைப் பண்ணியவருக்கு மார்ஜின்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. நானே பண்ணியிருந்தால் வடிவாகப் பண்ணிக் கொடுத்திருப்பேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சபையின் விதியிலேயே இருக்கிறது. நான் ஒன்பது வருஷம் செய்துவிட்டேன். நவம்பரில் அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அதுதான் குற்றம்.

ஜனவரி 8

கோபத்தில் நேற்று ஒன்றும் சரியாக எழுதவில்லை.

எங்கள் சபை எட்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்துவது. இந்து சமுத்திரத்துத் துறைமுகங்களில் எங்கே கொலரா, எங்கே பிளேக், எங்கே அம்மை என்று தந்திகள் வரும். பக்கத்து மேசை மக்கீன் அவற்றின் சங்கேதத்தை உடைத்து எழுதித் தருவார். நான் ஸ்டென்சிலில் டைப் பண்ணுவேன். வாரா வாரம் அந்த அறிக்கை எல்லாத் துறைமுகங்களுக்கும் போகும்.

உள்ளூர் ஆட்களில் ஏழு பேருக்குப் பதினொரு மாத ஒப்பந்தம்தான். நவம்பரோடு முடியும், ஜனவரியில் புதிதாகத் தொடங்கும். டிசம்பரில் நாங்கள் சபைக்கு யாரோ. ஆனால் டிசம்பர் என்று சொல்லிக் கொலரா லீவு எடுக்கிறதா? ஆகவே டிசம்பரிலும் போவோம், பின்பக்கப் படியால் ஏறி. கையொப்பப் புத்தகத்தில் எங்கள் பெயர் இராது. அந்த மாதத்துத் தாள்களின் அடியில் டைப் பண்ணியவர் இனிஷலாக என்னுடையதைப் போடக்கூடாது, மக்கீனுடையதைப் போட வேண்டும் என்பது பிரதம லிகிதரின் கட்டளை. ஒன்பது டிசம்பர் அப்படியே போட்டேன். ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. மடைச்சி.

ஜனவரி 13, திங்கள்

தம்பி கிளறன்ஸ் துறைமுகத்தில் அரை நாள் லீவு போட்டு, என்னைப் புதுக்கடையில் ஒரு புரொக்டரிடம் கூட்டிப் போனான். புரொக்டர் ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தார். வழக்குப் போட முடியாதாம். சபை எட்டு அரசாங்கங்களுக்குச் சொந்தம், இலங்கைக் கோர்ட்டுக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கட்டடம் கோட்டையில் நிற்கிறது, வேலை செய்கிறவள் கொட்டாஞ்சேனை, ஆனால் சட்டம் மட்டும் கடலில் எங்கோ மிதக்கிறது!

ஒரு வழி உண்டு. மார்ச்சில் பிரதிநிதிகளின் வருஷக் கூட்டம் இங்கே நடக்கும். பிணக்கு எதுவானாலும் அங்கே முறையிடலாமாம். அந்த வாசகத்துக்குக் கீழே ஒன்பது தரம் கையெழுத்துப் போட்ட எனக்கு அது இன்றுதான் தெரியும்.

வெளியே வந்ததும் கிளறன்ஸ், "அக்கா, இதை விடுங்க. என்ட சம்பளத்துல சமாளிக்கலாம்" என்றான். மூன்று பிள்ளைக்காரன். எனக்கு வயது முப்பத்தெட்டு. தம்பி வீட்டுக் குசினியில் வாழ்க்கையை முடிப்பதற்கா டைப் பழகினேன்?

ஆனாலும் கேட்டானே. அதற்கு நன்றி ஆண்டவரே.

ஜனவரி 20

முறையீட்டை எழுதிக் கொடுத்தேன். பிரதம லிகிதர் சிவபாதசுந்தரம் அதை வாங்கவே பயந்தார். "பிள்ளை, உதுக்குள்ள என்னை இழுக்காதையும். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் கிடக்கு." இழுக்கவில்லை என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார், பாவம்.

வாசலில் பியோன் இராமர் மெல்லக் கேட்டார்: "ஜெயிச்சா எங்களுக்கும் சேத்துத்தானேம்மா?" ஏழு பேரில் அவரும் ஒருவர். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக்குப் போனேன், மக்கீன் வீட்டுக்கு. டிசம்பரில் நான் வேலை செய்தேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். தாள்களிலெல்லாம் அவருடைய இனிஷல். "அது நானல்ல, மெற்றில்டா" என்று அவர் சொன்னால் போதும்.

போனால் மனைவி லுத்பியா கையில் ஒரு மாதக் குழந்தை. "இரிங்க மிஸ், எழும்பாதீங்க, வட்டிலப்பம் தின்னாம உட மாட்டேன்." மக்கீனுக்குச் சங்கேதப் பிரிவுத் தலைவர் பதவி ஏப்ரலில் வரப்போகிறதாம், அவளுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். எங்களில் நிரந்தர ஆட்கள் இரண்டே பேர், பிரதம லிகிதரும் மக்கீனும். தான் செய்யாத வேலைக்குத் தன் பெயரைப் போட இடம் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் பதவி போகும். வேலையும் போகலாம்.

குழந்தையை மடியில் வைத்திருந்தேன். வட்டிலப்பம் தின்றேன். கேட்கவில்லை. அவராவது சொல்லுவார் என்று பார்த்தேன். பஸ் நிறுத்தம் வரை வந்தார், மழை வரும்போல என்றார். அவ்வளவுதான்.

பெப்ரவரி 9

மழையாம் மழை! ஒன்பது வருஷம் பக்கத்து மேசை. என்ட சாப்பாட்டில் பாதி அந்த மனுஷன்ட வயித்துக்குள்ளதான் போச்சு. வாயைத் திறக்க என்ன கேடு?

பெப்ரவரி 10

நேற்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும். நான் என்ன லட்சணம் என்று எனக்கே தெரிய வேண்டாமா.

மார்ச் 3

கூட்டம் 12ஆம் தேதி. தவசு காலம், மச்சம் மாமிசம் இல்லை. பசியில் பயம் கொஞ்சம் அடங்குகிறது. அண்டை வீட்டுப் பைறோஸா தன் நல்ல குடையை அன்றைக்குத் தருகிறாளாம், என் குடையைப் பார்த்தாலே துரைமார் என்னைத் தள்ளிவிடுவார்களாம். இப்படிச் சிரிக்க வைக்கவும் ஒரு ஆள் வேண்டுமே.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீள மேசை. எட்டுப் பிரதிநிதிகள். ஒவ்வொருவர் முன்னாலும் எங்கள் அறிக்கைகளைக் கட்டிய தடித்த புத்தகங்கள். எங்கள் செயலாளர் துரை எழுந்து, மிக மரியாதையாக, என் கழுத்தை அறுத்தார். "இவர் ஒன்பது வருஷம் வேலை செய்தவர் அல்ல. ஒன்பது தடவை, ஒவ்வொரு தடவையும் பதினொரு மாதம் வேலை செய்தவர். டிசம்பரில் இவர் வந்ததாக ஒரு எழுத்தும் இல்லை. டிசம்பர் அறிக்கைகளில் இருப்பது மக்கீனின் இனிஷல்."

பம்பாயிலிருந்து வந்த முதிய டாக்டர் என்னைப் பார்த்தார். "வந்தேன் ஐயா" என்றேன். அதற்கு மேல் என் இங்கிலீஷெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று.

மக்கீனைக் கூப்பிட்டார்கள். இது உம்முடைய இனிஷலா? ஆம். அப்படியானால் நீர் டைப் பண்ணியதா?

மக்கீன் என் பக்கம் திரும்பவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். பிறகு டாக்டரிடம், "ஐயா, தயவுசெய்து அந்தத் தாளின் மேல் மூலையைப் பாருங்கள்" என்றார்.

மேல் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை. கூட்டல் குறியைத் தட்டிப் போட்டது. வேறொரு டிசம்பர், அதிலும். அதற்கு முந்திய டிசம்பர், அதிலும். ஒவ்வொரு பிரதிநிதியும் தன் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார். தாள் புரளும் சத்தம் மட்டும்.

"அச்சுக்கான அடையாளம் என்று நினைத்திருந்தேன்" என்றார் டாக்டர்.

மக்கீன் சொன்னார்: "இல்லை ஐயா. இங்கே கத்தோலிக்கர் தாளில் எழுதத் தொடங்குமுன் சிலுவை போடுவார்கள். பிரதம லிகிதர் பிள்ளையார் சுழி போடுவார். நான் 786 போடுவேன். நான் முஸ்லிம். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதரின் மகன். என் தாளில் நான் சிலுவை போடுவேனா? மிஸ் மெற்றில்டாதான் டைப் பண்ணினார். இனிஷல் என்னுடையதாக இருக்க நான் விட்டேன். அது என் பிழை."

சத்தியமாக எனக்குத் தெரியாது! கொன்வென்ட்டில் சிஸ்டர் பழக்கியது. பென்சில் பிடித்த நாள் முதல் கை தானாகப் போடுவது. ஸ்டென்சிலிலும் போட்டிருக்கிறேன், எட்டு அரசாங்கங்களின் தாளில், ஒன்பது வருஷம், ஒரு நினைவும் இல்லாமல். மற்ற மாதங்களில் என் இனிஷலோடு சிலுவை, டிசம்பரில் அவர் இனிஷலோடு அதே சிலுவை. துரையின் முகம் சிவந்தது.

நான் அழுதேன். எல்லார் முன்னாலும்தான். பைறோஸாவின் குடையைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 14, வெள்ளி

தீர்ப்பு வந்தது. என் சேவை தொடர்ச்சியானது. நிரந்தரம். இனி ஒருவருக்கும் பதினொரு மாத ஒப்பந்தம் கிடையாது, ஏழு பேருக்கும் சேர்த்து. இராமருக்குச் சொன்னேன். உடனே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார், சீனி அள்ளிக் கொட்டி. முழுவதும் குடித்தேன்.

மக்கீனுக்கு எச்சரிக்கைக் கடிதம். பதவி உயர்வு இந்த வருஷம் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளவத்தை. என்ன சொல்லி நன்றி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, வாசலில் எல்லாம் மறந்து, "உங்களைப் பற்றிக் கெட்டதாக எழுதிவைத்திருக்கிறேன்" என்றுதான் வாயில் வந்தது. மக்கீன் சிரித்தார்.

"நீங்க வந்த அன்டைக்கே தெரியும் மிஸ், கேக்கத்தான் வந்தீங்க எண்டு. நீங்க கேக்காமப் போனீங்களே, அதுதான் என்னைத் தூங்க உடல்ல. மழையைப் பத்தி வேற கதைச்சேன்."

லுத்பியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பதவி அடுத்த வருஷம் வரும் மிஸ். இவர் வாயை மூடிட்டு வந்திருந்தா நான்தான் சோறு போட்டிருக்க மாட்டேன்" என்றாள். எனக்குக் கிடைத்த மனிதர்களைப் பார். இதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

அந்தோனியாருக்கு மூன்று மெழுகுதிரி. ஒன்று எனக்கு, ஒன்று கிளறன்ஸின் வீட்டுக்கு, ஒன்று மக்கீனுக்கு. அவர் கோபிக்க மாட்டார். அந்தோனியாரும்தான்.

ஜூலை 30

மக்கீனின் மகள் தவழுகிறாள். அறிக்கை ஒரு நாள் பிந்திவிட்டது, ரங்கூன் தந்தி வரவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

முன்வாசலால் போனேன். கையொப்பப் புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. டிசம்பர்ப் பக்கத்தில் எங்களுக்கு எப்போதும் இடம் இருந்ததில்லை. சிவபாதசுந்தரம் அடிமட்டம் வைத்து ஏழு கோடு புதிதாகப் போட்டு, ஏழு பெயரையும் தன் கையாலே எழுதியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்தார்.

பேனாவை எடுத்துக்கொண்டு நின்றேன். ஏழு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பின்னால் இராமர், பெருவிரலில் மை பூசித் தயாராக:

"போடுங்கம்மா. மை காயுது."

போட்டேன்.