சிப்பி கலந்த மண்

பெப். 11, செவ்வாய்

வெயில் இல்லை. காற்றில் உப்பு. சவளக்கடைச் செங்கல் சூளையிலிருந்து கற்களை எடுத்தாயிற்று. பன்னிரண்டும் முழுசாக. களிமண்ணில் செய்து சுட்ட மீசான் கற்கள், கபுறுக் குழியின் தலைமாட்டில் நடுவது போலவே. டிசம்பர் அலையில் எங்கள் மையவாடியின் கடலோரக் கபுறு வரிசையையே கடல் கொண்டுபோனது. அங்கே மிஞ்சிய மணலையும் சிப்பியையும் அள்ளிக் களிமண்ணில் பிசைந்தேன். என் யோசனை. அப்போது பெரிதாகத் தெரிந்தது.

சூளைக்காரர் தங்கராசா அண்ணன்: "இது விக்கவா புள்ள, நடவா?"

"கொழும்பில கண்காட்சி, அண்ணன்."

"ஆளில்லாத கல்லையா?"

சிரித்தார். நானும்.

மிகச் சிறியது ஒரு சாண். எனக்கு முன் உம்மா பெற்று, ஏழாம் நாளே மௌத்தாகிப்போன என் காக்காவுக்கு. அவன் கபுறும் அந்த வரிசையில்தான் இருந்தது. உம்மாவிடம் சொல்லவில்லை.

பெப். 12, புதன்

தூறல். வைக்கோல், பெட்டி, விளக்கக் குறிப்பு. சனி காலை வேன்.

குறிப்பில் 'கடலரிப்பு', 'இழப்பு'. இரண்டையும் வெட்டினேன். மிச்சம் ஒன்றுமில்லை.

வாப்பா, சோற்றைப் பிசைந்தபடி: "தெற்கால கடலுக்குள்ள தடுப்புக் கல்லுப் போட்ட நாள்ல இருந்து கடல் இஞ்சால திங்குது. நீ மண்ணுல கல்லுச் செஞ்சிட்டிரிக்காய்."

கோபமில்லை. அலுப்பு. எனக்கும்.

பெப். 13, வியாழன்

காலையில் ஒரு கல்லில் காசளவு குழி. உள்ளே வெள்ளைப் பொடி. பகலுக்குள் ஐந்து கல். தொட்டால் உதிர்கிறது.

தங்கராசா அண்ணனுக்குப் போன்.

"மண்ணுக்குள்ள சிப்பி போட்டியா?"

"ஓம்."

"வெந்த சிப்பி சுண்ணாம்பு, புள்ள. ஈரத்தக் குடிச்சி ஊதும். சூளையால எடுத்த கையோட தண்ணியில போட்டிருக்கோணும். செங்கல் அறுக்கிற எவனும் சொல்லுவான். என்னட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகம்.

பெப். 14, வெள்ளி

பதினொன்றும் போயிற்று. சின்னது மட்டும் இன்னும் முழுசு. "அதையாவது இண்டைக்கே முக்கி வை" என்றார் அண்ணன். சரி, வேனில் ஒன்றாவது போகட்டும்.

ஜும்ஆ தொழுகை நேரம். வீட்டில் நானும் உம்மாவும். பைப்பின் கீழ் வாளி வைத்துத் திறந்தேன். உம்மா வந்து கல்லை எடுத்தார். சாண் வைத்துப் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

சொன்னேன்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணியில போடாட்டி?"

"வெடிக்கும், உம்மா."

"வெடிச்சா வெடிக்கட்டும். புள்ளயத் திரும்பவும் தண்ணிக்குள்ளயா போடப்போறாய்?"

முந்தானையில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

வாளி நிரம்பி வழிந்தது. பைப்பைப் பூட்டினேன். வேன்காரருக்குப் போன்: வர வேண்டாம்.