தள்ளிப்போடாத தேர்தல்

மாப்ளே,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் காளியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாரும் படித்தபிறகுதான் இந்த நாட்டில் ஓட்டே வந்திருக்கணும் என்பாய். நம் மைசூர் மில் தொழிலாளர் சங்கத்துக்கும் இப்போது தேர்தல் வேண்டாம் என்றாய். நான்தான் பிடிவாதமாக நடத்தினேன்; அதோடு நம் பேச்சும் நின்றது.

நேற்று ஓட்டுப் போடும்போது சங்கமே கூடாது என்கிற மில் கான்ட்ராக்டரின் ஆட்கள் இரும்புக் கம்பியோடு புகுந்தார்கள். பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த உன் தம்பி லெஸ்லியை மண்டையிலேயே அடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை என் மடியில் மூச்சு இருந்தது.

சாயங்காலம் சங்கத்தில் கூடியபோது நானே, "கொஞ்ச வருஷம் தள்ளிப்போடுவோம்" என்றேன். அந்த அடிதடியில் கட்டுப் போட்ட கையோடு நம் மில் சரசு கேட்டாள்: "அவங்க அடிக்கிறத நிறுத்துற வரைக்குமா?" ஒருத்தரும் என் பக்கம் பேசவில்லை.

நாளைக் காலை அடக்கம். கல்லறையிலிருந்து நேராக எல்லாரும் பாதியில் நின்ற ஓட்டைப் போடப் போகிறார்கள். ஓட்டு உன் இஷ்டம். தம்பியைத் தூக்க வா.

இத்தனை நாள் உன்னோடு பேசாதவன்