சோளகத்தில் இரண்டு சைக்கிள்

இன்று காலை என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டையை அலசிவிட்டு, வாளித் தண்ணீரில் நீலம் கரைத்தேன். துணிமுடிச்சிலிருந்து அது புகைபோல இறங்கிப் பரவியது. சட்டையைப் போட மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கடைகளில் சாயம் வராமல் போன பிறகு, இந்த நீலத்தைத்தான் நீர் சிரட்டையில் கரைத்து, உம்முடைய படங்களில் கடலுக்குப் பூசினீர்.

ஆமி வந்து, உம்முடைய கடற்கரை ஊரான மயிலிட்டியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட வருடம், குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு, முன்வீட்டு அறைக்கு நீர் வந்தீர். ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளும்தான் உம்மோடு வந்தவை. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவ என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, செபப்புத்தகத்தையும் பழைய பேப்பர்களையும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினவள். உம்மோடு எனக்கென்ன கதை என்று ஒதுங்கியே இருந்தேன். நீர் விடவில்லை. ஆவணி விடுமுறையில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, கோயில் வாசலில் சைக்கிளோடு நின்றீர்.

“கடவுளோடை கதைச்சது காணும். இனி என்னோடை வாரும்” என்றீர்.

பெற்றோல் இல்லாத ஊரில் ரோட்டு முழுவதும் சைக்கிள்தான். ஆனால் ஒரு வேலையுமில்லாமல், படம் கீறுவதற்காக மட்டும் சைக்கிளில் போன பெண்கள் நாம் இருவராகத்தான் இருப்போம். புத்தூர்ப் பக்கம் போகும்போது சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். எவ்வளவு மிதித்தாலும் ரோட்டு நகராது. இந்தக் காற்றுக்கு ஆளை அனுப்பத்தான் தெரியும், கூப்பிடத் தெரியாது என்று மூச்சு வாங்கியபடி சொல்வீர்.

புத்தூரில் வெங்காயத் தோட்டக் கரையில், பூவரசு நிழலில் இருந்து கீறுவீர். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம்தான் கடதாசி. மஞ்சளுக்கு மஞ்சள் தூள், சிவப்புக்கு அந்தத் தோட்டத்து மண்ணே. நான் பக்கத்தில் இருந்து செபமாலை உருட்டுவேன், அல்லது கொண்டுபோன பாணைப் பிய்த்து வைப்பேன். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம். பிள்ளையில்லாத என் வீட்டில் பகல்கள் எவ்வளவு நீளமோ, அந்த நிழலில் அவை அவ்வளவு குறுகின. வீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதுகிற எனக்கு, செலவே இல்லாத அந்தப் பகல்களை எங்கே பதிவதென்று தெரியவில்லை.

ஒருநாள் தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்து உம்முடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, அவருடைய மாடும் இருந்தது. ஓரத்தில் ஒரு வள்ளமும் இருந்தது.

“எங்கடை வெங்காயத்துக்குள்ளை ஆர் பிள்ளை வள்ளத்தை விட்டது?”

“மாரிக்கு வெள்ளம் வருமெல்லோ ஐயா. இப்பவே கட்டி வைச்சிருக்கிறன்.”

அவர் சிரித்து, வெங்காயம் ஒரு பிடி தந்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது, வள்ளங்கள் நின்ற உம்முடைய ஊருக்கு மட்டும் நாங்கள் ஒருநாளும் போகமுடியாது என்பது. அதற்குப் பிறகு உம்முடைய படங்களில் முதலில் வள்ளத்தைத்தான் தேடுவேன். அச்சுவேலிச் சந்தைப் படத்தில் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் அது நின்றது.

மூன்றாம் வருடம் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றீர். பிறகு பென்சில் முனை இரண்டாகத் தெரிந்தது. கொழும்புக்குப் போய்க் கண்ணை வெட்டி ஒப்பரேசன் செய்யாவிட்டால் இரண்டும் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊரை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். உம்முடைய ஆட்கள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். நான்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. லண்டனில் அக்கா இருக்கிறவ கொழும்புக்குப் போனால் திரும்பி வருவாவோ, உனக்கென்ன விசரோ என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நான் கோயிலுக்குப் போய் முழந்தாளில் இருந்தேன். மாதாவிடம் நீர் திரும்பி வரவேண்டும் என்று கேட்கவில்லை. உமக்குக் கண் தெரியவேண்டும் என்று மட்டும் கேட்டேன். பிறகு பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போய்ப் பிணைக்குக் கையெழுத்து வைத்தேன்.

ஒரு மாதப் பாஸ். அது முடிகிற அன்று பின்னேரம் படலை திறந்தது. இடது கண்ணில் பச்சைத் துணியோடு நீர் நின்றீர். வெட்டிய கண் தெரியும் என்றீர். மற்றதற்கு இன்னும் கொஞ்சக் காலம் நிற்கச் சொன்னார்களாம். அக்கா லண்டனுக்கு வரச்சொல்லிக் காசும் கட்டிவிட்டாவாம். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

“உம்மைக் கந்தோர் வாங்கிலை இருத்தி விசாரிப்பாங்கள். உமக்கு அங்கை கதைக்கத் தெரியாது” என்றீர்.

குசினிக்குள் போய், அடுப்பு ஊதுகிற சாட்டில் அழுதேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்து உம்முடைய பையை வாங்கி உள்ளே வைத்தார். அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

மற்றக் கண்ணுக்காகத் திரும்பப் பாஸ் கேட்டோம். பாதை பூட்டு என்றார்கள். திறக்கும் திறக்கும் என்று காத்திருக்க, அது முழுவதும் இருண்டுவிட்டது. “ஒண்டு காணும்” என்றீர். “இரண்டு கண்ணாலை பாத்தும் உம்மடை மூஞ்சை அப்பிடித்தானே இருந்தது.”

இந்த மாசியில் உமக்கு மலேரியா வந்தது. நல்ல குளிசை தேடி நான் அலைந்த பகலொன்றில் போய்விட்டீர். சுடலைவரை பெண்கள் போவதில்லை, படலையடியிலேயே நின்றுவிட்டேன். லண்டன் அக்காவுக்கு நான்தான் எழுதினேன். தங்கச்சி எனக்காகத் திரும்பி வந்தவ என்ற வரியை எழுதிவிட்டுக் கனநேரம் பார்த்திருந்தேன். வெட்டவில்லை. அப்படியே அனுப்பினேன்.

போன ஆவணியில், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாததால், என்னை முன்னுக்கு விட்டு நீர் பின்னால் வந்தீர். பள்ளம் வந்தால் நான் மணியடிக்க வேண்டும் என்பது நம்முடைய ஏற்பாடு. இந்த ஞாயிறும் பூசைக்குப் பிறகு புத்தூர்ப் பக்கம் போனேன், தனிய. தோட்டக்காரர் வரம்பில் நின்று கேட்டார்:

“ரோட்டிலை ஒருத்தருமில்லை. ஆருக்குப் பிள்ளை மணியடிச்சு வாறீர்?”

“பின்னாலை ஆள் வருது ஐயா” என்றேன்.

அவர் எட்டிப் பார்க்கவில்லை. வழியில் கிடந்த மண்வெட்டியை ஓரமாக எடுத்து வைத்தார்.