நிழல் உட்கார்ந்த நண்பகல்

துலரோசா,
மே 3, 1891

அன்புள்ள எதிரி லூதருக்கு,

நான் சௌக்கியம். நீயும் இன்னும் சாகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இது என் கையாலேயே எழுதும் கடிதம். ரொட்டி சுடும் யுஃபேமியாதான் கற்றுக்கொடுத்தாள். "கெழவா, துப்பாக்கியப் புடிக்கிற மாதிரி பேனாவப் புடிக்காத" என்று தினமும் திட்டு. ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. போகட்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அறுவடை முடிந்ததும் வருகிறேன், பாதியில் விட்ட சண்டையை முடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். வா. ஆனால் ஒரு செய்தி. வெள்ளை மணல்வெளியில் நடந்துகொண்டிருந்தேன், நண்பகல். என் நிழல் பின்தங்கி மணலில் உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டேன். "அந்த இரும்பக் கழட்டு, வரேன்" என்றது. இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி முள்மரத்தில் மாட்டினேன். எழுந்து வந்தது. அன்றிலிருந்து என் கால் மணலில் புதைவதே இல்லை.

பிறகொரு நாள் போய்ப் பார்த்தால், துப்பாக்கிக் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. கலைக்க மனம் வரவில்லை.

சிப்ரியானோ


பெக்கோஸ்,
மே 20

சிப்ரியானோ,

கோழி கிளறியதுபோல் இருந்தாலும் படித்துவிட்டேன். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இடுப்பில் ஆயுதம் இல்லாதவனை நான் சுட முடியாது. சுட்டால் எந்த ஊரிலும் ஒரு வாய் காப்பி தரமாட்டார்கள். உனக்கும் அது தெரியும். குளவியைத் துரத்து.

சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். நெஞ்சு கெட்டுவிட்டது. இருமினால் துணியில் ரத்தம். குளிர்காலம் தாண்டாது என்கிறார் டாக்டர். உன்னைக் கொல்லவா வருகிறேன்? தனியாகக் கட்டிலில் கிடந்து சாவதைவிட உன் குண்டு மேல். உன்னைவிட வேகமானவனை நான் பார்த்ததில்லை. இந்த ஓர் உதவியைச் செய்.

லூதர் கிரீல்


துலரோசா,
ஜூன் 9

என் லூதருக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். படித்து முடித்தபோது மணல்வெளி மெல்ல நகர்ந்து என் வாசல்வரை வந்து நின்றிருந்தது, என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்பதுபோல.

உன்னைச் சுட மாட்டேன். குளவிக் குஞ்சுகள் பறந்த பிறகும் சுட மாட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ இங்கே வர வேண்டாம். நான் வருகிறேன். யுஃபேமியா தன் கழுதையைத் தந்திருக்கிறாள். கட்டிலோரம் உட்கார்ந்து உன்னோடு சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே, அது நான்தான்.

நம்மைப் போன்றவர்கள் கதவைத் தாழிட்டு, வாசலைக் குறிபார்த்தபடியே தூங்குகிறவர்கள். தட்டுகிறவனைச் சுட்ட பிறகுதான் பெயர் கேட்போம். நான் வெறுங்கையோடு வருவேன். தட்டமாட்டேன்.

தாழை நீக்கி வை.

உன் சிப்ரியானோ